சத்தம் எப்போது வராது?

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவு வலதுபக்கமாக வளைகிறது. கட்டியவர் இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால்தான் தூணில் இடிக்காமல் உள்ளே நுழைய முடியும். (வேளச்சேரியில் தரைக்குக் கீழே கார் நிறுத்துமிடம் கட்டியவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அது வேறு வயிற்றெரிச்சல்.) 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, கல்யாண வீட்டிலிருந்து வந்து அந்த வளைவில் இறங்கும்போது முன்பக்கம் எங்கோ ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பழைய முறத்தைக் கவிழ்த்துப் போட்டு சிமென்ட் தரையில் இழுத்தால் வருமே, அப்படி. மூன்று நொடிதான். ஸ்டீயரிங்கை நேராக்கியதும் நின்றுவிட்டது.

“என் பக்கம்தான். காலுக்கு அடியில” என்றாள் மனைவி. அவள் முன்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“வலதுபக்கம் திரும்பறோம். சத்தம் வலது சக்கரத்துலதான் வரும்” என்றேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் என்ற ஹோதாவில் சொன்ன தீர்ப்பு அது. பின்சீட்டில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தனியாக வண்டியை எடுத்து, அதே சரிவில் மூன்று தடவை இறங்கி ஏறினேன். சத்தமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஏதோ கல்லோ குச்சியோ மாட்டியிருந்தது, விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பல்வலி பல் டாக்டரின் வாசலில் நின்றுபோவதை நாம் குணமானதாகவே எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தபோது மறுபடியும் சத்தம். அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பதையே விட்டுவிட்டேன். ஒரே வீச்சில் திரும்ப வேண்டிய இடத்தில் கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, இரண்டு தவணையில் திரும்பினேன். சரிவை நெருங்கும்போது பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். இப்படியே மூன்று வாரம் ஓடியது. வண்டி ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டேனே தவிர, இறங்கிக் குனிந்து ஒரு தடவை சக்கரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கையில் டேப்லெட்டோடு வந்த இளைஞர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர்களுடைய டெஸ்ட் டிரைவர் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்து, சத்தம் ஏதும் இல்லை என்றார். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றித் தலைக்கு மேலே தூக்கினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான்கு சக்கரமும் காற்றில் தொங்க, ஒருவர் முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார், இடமும் வலமும் ஒடித்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திரும்பியது. உரசல் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாற்றிவிடலாம், கூடவே லிங்க் ராடு, வீல் அலைன்மென்ட் என்று பதினான்காயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். குற்றம் இல்லை, ஆனால் தண்டனை உண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

தரமணிப் பக்கம் ஒரு புங்கமரத்தடியில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு நண்பர் அனுப்பினார். அறுபது வயது இருக்கும். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. குனியக்கூட இல்லை. பீடியை அணைத்துவிட்டு என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நான் கதையை ஆரம்பித்தேன். எப்போது சத்தம் வருகிறது, எப்படி வருகிறது என்றெல்லாம். கையைக் காட்டி நிறுத்தினார்.

“எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க சார். எப்ப வராது? அதைச் சொல்லுங்க.”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். நேராகப் போனால் வராது. இடதுபக்கம் ஒடித்தால் வராது. கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறும்போது வராது. தனியாகப் போனால் வராது. இந்தக் கடைசி விஷயம் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“கூட யாரு இருந்தா வருது?”

“மனைவியும் அம்மாவும்.”

“அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க சார். நோயாளியை வீட்ல விட்டுட்டு வந்து மருந்து கேட்டா எப்படி?”

தமிழில் சத்தத்துக்குப் பஞ்சம் இல்லை. ஒரு மெக்கானிக் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். இஸ்திரி கலையாத சட்டை போட்ட வங்கி அதிகாரி வாயைக் குவித்து ‘உய்ய்ய்ங்’ என்பார். ஆட்டோக்காரர் ‘லொட லொட’ என்பார். கல்லூரிப் பையன் ‘டக் டக் டக்’ என்று விரலால் பெஞ்சில் தட்டிக் காட்டுவான். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்கார விடுதி மாதிரி இருக்கும். ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு அந்த ஒலிக்குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு முகவரி.

முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பத் தாளம் போட்டால் அது அனேகமாக ஆக்ஸிலின் வெளிமூட்டு. முன்சக்கரம் இழுக்கும் கார்களில், சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் சுழற்சி சீராகப் போய்ச் சேருவதற்காக அந்த மூட்டுக்குள் குண்டுகள் உருளுகின்றன. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும், பிறகு தாளம்தான். சக்கரத்தின் உள்பக்கம் கரிய கிரீஸ் விசிறி அடித்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வேகமாகப் போகும்போது ‘ஊஊ’ என்ற முனகல் இருந்து, சாலை இடதுபக்கம் வளையும்போது அது கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் அப்போது பாரம் வலதுபக்கம் சாய்கிறது. தகரத்தில் ஆணி கீறுவதுபோல ஓயாமல் கேட்டால் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்திருக்கும், அல்லது இடையில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ‘மடக்’ என்று அடித்து, ஸ்டீயரிங்கும் பிடிவாதம் செய்தால் பால் ஜாயிண்ட். அதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. அது கழன்றால் சக்கரம் ஒருபக்கமாக மடிந்து வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும்.

குற்றமே இல்லாத சத்தமும் ஒன்று உண்டு. பெரிய வணிக வளாகங்களின் கீழ்த்தளத்தில், வழவழவென்று வண்ணம் பூசிய தரையில், நடை வேகத்தில் திரும்பினாலும் டயர் ‘கிறீச்’ என்று அலறும். புதுக்கார் வாங்கியவர்கள் அங்கே பதறிப்போய் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பதற வேண்டியதில்லை. திரும்பும்போது டயர் எப்போதுமே கொஞ்சம் தரையில் தேயத்தான் செய்கிறது. தார்ச்சாலை அதைச் சொல்வதில்லை, வழவழப்பான தரை சொல்லிவிடுகிறது.

ஒரு வண்டி வளைவில் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. ஆகவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது, உள்சக்கரம் சில பாகைகள் கூடுதலாகத் திரும்ப வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரத்துக் கோச்சு வண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஓர் இணைப்பைக் கண்டுபிடித்தார். லண்டனில் அச்சுப்படங்கள் விற்றுவந்த ருடால்ஃப் ஆக்கர்மன் அவருடைய முகவராக இருந்து 1818இல் அங்கே காப்புரிமை வாங்கினார். இன்றுவரை உலகம் அதை ஆக்கர்மன் அமைப்பு என்றுதான் சொல்கிறது. தச்சர் பெயர் புத்தகத்தோடு சரி. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வீடு.

அந்த அமைப்பு பரவுவதற்கு முன்னால் இருந்த நாலு சக்கரக் குதிரை வண்டிகள் எனக்கு இன்னும் சுவாரசியமானவை. அவற்றில் முன் அச்சு முழுவதுமே நடுவில் ஓர் ஆணியில் சுழலும். சுழலும்போது முன்சக்கரம் வண்டியின் வயிற்றில் போய் இடிக்கும். அதற்காகவே பல வண்டிகளில் முன்சக்கரத்தைச் சின்னதாக வைத்தார்கள், சிலவற்றில் வண்டியின் அடிப்பாகத்தை வளைத்துக் குடைந்தார்கள். பாரவண்டிகளில் அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. சக்கரம் வந்து உரசும் இடம் எதுவென்று பார்த்து, அங்கே பலகையின் மேல் ஓர் இரும்புத் தகடு அடித்துவிட்டார்கள். உரசட்டும், ஆனால் மரம் தேய வேண்டாம் என்று. உரசல் வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது எங்கே வரும் என்று கண்டு, அந்த இடத்தை மட்டும் பலப்படுத்திய அந்தத் தச்சர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நோயாளியின் முழுக் குடும்பத்தோடு புங்கமரத்தடிக்குப் போனோம். மனைவி முன்சீட்டில், அம்மா அவளுக்குப் பின்னால். அம்மாவுக்கு வெளியே எங்கேயாவது போனால் சரி, அது மெக்கானிக் கடையாக இருந்தாலும்.

மெக்கானிக் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தார். நான் வலது சக்கரத்தைக் காட்டினேன். அவர் என் மனைவியைப் பார்த்து, “உங்களுக்கு எங்கம்மா கேக்குது?” என்றார். அவள் பதில் சொல்லாமல் குனிந்து தன் இடது காலைக் காட்டினாள். என்னை ஒரு பார்வையும் பார்த்தாள். அவர் நேராக இடது சக்கரத்துக்குப் போய், டயரின் வெளித்தோளைச் சுற்றிலும் சாக்பீஸால் வெள்ளையடித்தார்.

“வலதுபக்கம் ஒடிச்சு, இங்க இருக்கற சரிவுல மெதுவா இறங்கி, லேசா பிரேக் பிடிங்க.”

செய்தேன். ‘சர்ர்ர்.’ எங்கள் சரிவில் வந்த அதே சத்தம். இவ்வளவு நாள் காதைப் பொத்திக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்டு அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அழிந்திருந்தது. மட்கார்டுக்கு உள்ளே சக்கரத்தைச் சுற்றிக் கவிந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உறையை, அவர்கள் லைனர் என்கிறார்கள், டார்ச் அடித்துக் காட்டினார். அதன் பின்பக்கக் கீழ்நுனி, கதவை ஒட்டிய மூலையில், கழன்று முன்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய இடம் மட்டும் தேய்ந்து, எண்ணெய் பூசியதுபோல மினுமினுத்தது. மற்ற இடமெல்லாம் புழுதி. யாராவது முழங்காலிட்டுக் குனிந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

வலதுபக்கம் திரும்பினால் இடது சக்கரம் ஏன் உரச வேண்டும்? உங்கள் இடது பாதத்தின் நடுப்பகுதியை ஊன்றி, பெருவிரலை வலதுபக்கம் திருப்பிப் பாருங்கள். குதிகால் இடதுபக்கம் வெளியே போகிறது. சக்கரமும் அப்படித்தான். வலதுபக்கம் ஒடித்தால் இடது சக்கரத்தின் குதிகால் வெளியே பிதுங்கி, அந்த மூலையைத் தேடிப் போகிறது. நான் விரலைப் பார்த்தேன், மனைவி குதிகாலைக் கேட்டாள்.

மெக்கானிக் லைனருக்குப் பின்னால் விரலை விட்டு, காய்ந்த வண்டல் கொஞ்சம் எடுத்துக் காட்டினார். “டிசம்பர் தண்ணியில ஓட்டினீங்களா?”

ஓட்டினேன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு, வேளச்சேரியில் வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தோம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இறங்கியதும் வண்டியைக் கிளப்பினேன். வண்டி தண்ணீரை முன்னே தள்ளும்போது அந்த அலை சக்கரக்குழிக்குள் புகுந்து லைனரைப் பிடித்து இழுத்திருக்கிறது. ‘டப்’ என்று ஏதோ கழன்றது நினைவிருக்கிறது. தப்பித்தோம் என்ற மகிழ்ச்சியில் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இரண்டு கிளிப்பும், சேறு தெறிக்காமல் தொங்கும் ரப்பர்ப் பட்டையும், அதைப் பிடித்திருந்த ஸ்குரூவும் அன்றைக்கே போய்விட்டன. பிறகு சித்திரை வெயில் பிளாஸ்டிக்கை இளக்கியது.

அவர் அதோடு விடவில்லை. டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைத் தடவிப் படித்தார். 195/65 ஆர் 15. பிறகு டிரைவர் கதவைத் திறந்து, தூணில் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டினார். 185/65 ஆர் 15.

“யார் சார் ஏத்திப் போட்டது?”

நான்தான். 2023 ஜூனில் டயர் மாற்றும்போது கடைக்காரர், ஒரு சைஸ் ஏற்றிப் போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்றார். பிடிமானத்தைவிட எடுப்புதான் என் காதில் விழுந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர், புதியது 634.5. அதாவது சக்கரம் எல்லாப் பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது, அகலத்தில் பக்கத்துக்கு ஐந்து. ஒரு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வேகமானி 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 2 கிலோமீட்டர் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சக்கரத்தைச் சுற்றிலும் கம்பெனிக்காரன் விட்டிருந்த வெற்றிடத்தை நான் வீண் என்று நினைத்திருந்தேன். சக்கரம் திரும்பவும், பள்ளத்தில் மேலே எழும்பவும், நாலு பேர் ஏறி உட்காரவும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. விலைப்பட்டியலில் அந்த இடைவெளிக்கு ஒரு வரி கிடையாது.

“லைனர் சரியா இருந்திருந்தா இந்த டயர் உரசாது சார். பழைய டயர் இருந்திருந்தா, லைனர் இவ்வளவு தொங்கினாலும் உரசாது. ரெண்டையும் தனித்தனியாப் பாத்தா ரெண்டும் நல்லதுதான்.”

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? நானும் அதைத்தான் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் இல்லை. பையனைக் கிளிப் வாங்கிவர அனுப்பிவிட்டு டீ சொன்னார்.

டீ குடிக்கும்போதுதான் சர்வீஸ் நிலையத்தில் ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். லிஃப்டில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், ஸ்பிரிங் நீளும், சக்கரத்துக்கும் மேலே உள்ள கூட்டுக்கும் நடுவே இடைவெளி தாராளமாகிவிடும். உரசுகிற வண்டியின் உரசலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. தரையில் நிற்க வேண்டும், ஆள் ஏறியிருக்க வேண்டும், திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மூன்றும் இல்லாத எல்லா வண்டியும் நிரபராதிதான்.

அம்மா திருவாரூர்க்காரி. காரில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணாடியை இறக்கினாள். “நேர்வீதியில தேர் தானா ஓடும்டா. மூலையிலதான் வேலை. எங்கப்பா எப்பவும் மூலைக்குத்தான் கூட்டிட்டுப் போவார், தேர் திரும்பறதைப் பாக்க” என்றாள்.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், கிட்டத்தட்ட 300 டன் எடை. இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் அதில் இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங் கிடையாது. சக்கரம் திரும்பாத ஒரு வண்டி நான்கு வீதியும் சுற்றி வர வேண்டும் என்றால், முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அதன் திசை. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் அடியில், சரியான நொடியில், சரியான கோணத்தில் அந்தக் கட்டையைச் செருகுவது உயிரைப் பணயம் வைக்கிற கலை. நாம் பேச்சில் முட்டுக்கட்டை என்பதைக் காரியத்தைக் கெடுப்பதற்குச் சொல்லும் வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். தேரடியில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அந்தக் கட்டை போய் உரசவில்லை என்றால் தேர் திரும்பாது, எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்.

திருவாரூரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அப்பா காலமாகி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் தம்பிக்கும் அதற்கு முன்னால் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அவன் அவன் ஊரில் நேராகப் போய்க்கொண்டிருந்தான், நான் என் ஊரில். வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு வந்தபோதுதான் ‘சர்ர்ர்.’ பெரியப்பா மகன் ஒருவர் சமாதானம் செய்ய முன்வந்தார். என்னிடம் தனியாகப் பேசினார், நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றார். தம்பியிடம் தனியாகப் பேசினார், அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். பாரம் இல்லாமல் காற்றில் தொங்கும்போது நாங்கள் இருவரும் எந்தப் பக்கம் ஒடித்தாலும் வழுக்கிக்கொண்டு திரும்பக் கூடியவர்கள்.

எனக்கு அந்தப் புங்கமரத்தடியில் உறைத்தது இதுதான். இந்த உரசலுக்குத் தனிச் சொந்தக்காரன் கிடையாது. நான் எடுப்புக்காக ஏற்றிக்கொண்ட ஆறரை மில்லிமீட்டர், அவன் எப்போதோ வந்த வெள்ளத்தில் இழந்து, சொல்லாமல் விட்ட இரண்டு கிளிப். என் வீட்டில் நானும் அவன் வீட்டில் அவனும் அதோடு ஆயுசு முழுக்க ஓட்டியிருக்கலாம். சேர்ந்து திரும்ப வேண்டிய ஓர் இடம் வந்தது, நடுவில் இருந்த இடைவெளி போதவில்லை. யார் பக்கம் தப்பு என்று நாலு வருஷம் தேடினோம். இடைவெளி எங்கே போயிற்று என்று தேடியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறைத்தது. இந்த விவகாரத்தில் வக்கீலைக் கேட்டோம், தரகரைக் கேட்டோம், பெரியப்பா மகனைக் கேட்டோம். ஆறு மாதம் என் வீட்டிலும் ஆறு மாதம் தம்பி வீட்டிலும் மாறி மாறி இருக்கும் அம்மாவைக் கேட்கவில்லை. அவள் மனசு நோகும் என்று நாங்களே முடிவு செய்து, அவள் தூங்கிய பிறகு மாடிக்குப் போய் ஃபோனில் பேசினோம். சத்தத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சத்தம் கேட்காது என்று நினைத்திருக்கிறோம்.

திரும்பி வரும் வழியில், ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டேன். “அம்மா, அந்த வீட்டை என்ன பண்ணலாம்?”

அவள் ஆச்சரியப்படவில்லை. இந்தக் கேள்விக்கு நாலு வருஷமாகப் பதிலைத் தயாராக வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள்: “விக்கறதுன்னா வில்லுங்க, வச்சுக்கறதுன்னா வச்சுக்குங்க. ஆனா ரெண்டு பேரும் என்னை நடுவுல உக்கார வச்சுப் பேசுங்க. போன்ல பேசாதீங்க.” மெக்கானிக்கும் இதையேதான் சொன்னார், எழுத்து மாறாமல் இல்லை என்றாலும்.

பேசினோம். அந்தத் தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தபோது, அம்மாவைக் கூடத்தில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பேசினோம். சத்தம் வந்தது, நன்றாகவே வந்தது. தம்பி ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டான், நான் ஒரு தடவை டம்ளரை டக்கென்று வைத்தேன். ஆனால் எந்த இடத்தில் உரசுகிறது என்று அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அது பணம் என்று நான் நினைத்திருந்தேன், அது பணம் இல்லை. அப்பாவின் கடைசி மாதங்களில் யார் பக்கத்தில் இருந்தது, யார் இல்லை என்பது. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. வீடு இன்னும் விற்கவில்லை. கொல்லைப்புறச் சுவரைத் தம்பி எடுத்துக் கட்டியிருக்கிறான், பாதிச் செலவு என்னுடையது.

வண்டிக்கு ஆன செலவு 2 கிளிப், ஒரு ஸ்குரூ, ஒரு ரப்பர்ப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். டயர் தேயும்வரை ஓடட்டும், பக்கச்சுவரில் வெட்டு இல்லை, அடுத்த தடவை 185 போட்டுக்கொள்ளலாம் என்றார் மெக்கானிக். பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இருந்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லியிருப்பாராம், அதில் ஒட்டுப்போட வழியில்லை. பதினான்காயிரத்துச் சொச்சம் எஸ்டிமேட் இன்னும் கையுறைப் பெட்டியில் மடித்தபடி இருக்கிறது. வலதுபக்கம் முழுசாக ஒடித்து, மனைவி, அம்மாவோடு, அந்தச் சரிவில் இப்போது ஒரே வீச்சில் இறங்குகிறேன்.

உங்கள் வண்டி திரும்பும்போது ஏதாவது சத்தம் போட்டால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் உங்களுக்கு இடதுபக்கம் உட்காருகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் எந்தப் பக்கம் கைகாட்டுகிறாரோ, அந்தப் பக்கம் இறங்கிக் குனிந்து பாருங்கள்.